ரியால் தே கத்தோர்சேவுக்குச் செல்வது எப்படி?

மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்க ஊரான ரியால் தே கத்தோர்சேவுக்குச் செல்வோர், மத்தேவாலா நகரிலிருந்து பேருந்து ஏறுவது எளிது. 1901இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும், ஊருக்குள் செல்லும் வழியிலுள்ள ஒகாரியோ சுரங்கப்பாதை ஒரே வண்டித்தடம் கொண்டது என்பதாலும், பெரிய பேருந்துகள் அதனுள் நுழைய இயலாது என்பதாலும், வாயிலில் இறங்கிச் சிறிய பேருந்துக்கு மாற நேரிடும். காத்திருப்பதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4ஐ ஒட்டி யாத்திரிகர் கூட்டம் நெரியும் என்பதால், அமைதியை நாடுவோர் வேறு மாதத்தைத் தேர்வது நல்லது. உயரம் மூச்சு வாங்க வைக்கும். முதல் நாள் பழைய நாணயச்சாலையைப் பார்த்தாலே போதும். மறுநாள் குதிரையில் கெமாதோ குன்றுக்குச் செல்லலாம். அது விராரிக்கா பழங்குடியினரின் புனிதத் தலமாதலால், அவர்கள் வைத்த காணிக்கைகளைத் தொடக் கூடாது. இரவுக் குளிருக்குக் கம்பளி ஆடை அவசியம்.