மைக்ரோரிக் ரவுட்டருக்குள்ள தூர இருந்து கீயோட லொகின் பண்ணுறது

கடை பருத்தித்துறையில, நீங்கள் இருக்கிறது கொக்குவிலில, சின்னதா ஒண்டு மாத்துறதுக்கும் ஒவ்வொருக்கா பஸ் ஏறேலாதுதானே, அதால எஸ்எஸ்எச்சை, அதாவது தூர இருந்து ரவுட்டருக்குள்ள பாதுகாப்பாப் போற வழியை, ஒழுங்காப் போட்டு வையுங்கோ. முதல் கீ (பாஸ்வேர்ட்டுக்குப் பதிலா லொகின் பண்ணுற ஃபைல் சோடி), பிறகு சோதனை, கடைசியாத்தான் மற்றக் கதவுகளைப் பூட்டுறது, மாறிச் செய்தியளெண்டால் பஸ்தான்.

வின்பொக்ஸில, அதாவது மைக்ரோரிக்கை செற் பண்ணுற புரோகிராமில, சிஸ்டம், யூசர்ஸ் போய் உங்கட பேரில ஃபுல் குரூப்போட (எல்லா அனுமதியும் உள்ளது) ஒரு யூசர் போடுங்கோ. ரவுட்டரோடயே வாற அட்மின் எண்ட யூசர் பேர் ஊருலகத்துக்கே தெரியும், அதைப் பேந்து டிசேபிள் பண்ணலாம்.

இனி கீ. விண்டோஸ் 10, 11 எண்டால் கமாண்ட் விண்டோவிலயே கீ உண்டாக்கிற எஸ்எஸ்எச் கீஜென் இருக்கும், வேற ஒண்டும் இறக்கத் தேவையில்லை. கீ வகை ஆர்எஸ்ஏ, அளவு 4096 பிற் எண்டு குடுங்கோ, ரவுட்டருக்குள்ள ஓடுற ரவுட்டர் ஓஎஸ்ஸின்ர பழைய வேர்ஷன் கனதும் அதை ஏற்கும். பாஸ்ஃப்ரேஸ் (கீயைப் பூட்டி வைக்கிற பாஸ்வேர்ட்) கேக்கேக்க சும்மா என்ரரை அமத்திப்போட்டுப் போகாதேங்கோ, லப்டொப் துலைஞ்சால் அதுதான் காப்பு. ரண்டு ஃபைல் வரும், டொட் பப் எண்டு முடியிறதை மட்டும் ரவுட்டரின்ர ஃபைல்ஸுக்குள்ள இழுத்துப் போடுங்கோ, மற்றதை ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது, வாட்ஸ்அப்பில உங்களுக்கு நீங்களே அனுப்பிறதும் வேண்டாம். பிறகு யூசர்ஸுக்குள்ள எஸ்எஸ்எச் கீஸ் ராப்பில இம்போர்ட் அமத்தி, புது யூசரையும் ஃபைலையும் தெரிவு செய்யுங்கோ.

வின்பொக்ஸை மூடாமல் வேற விண்டோவில எஸ்எஸ்எச்சால போய்ப் பாருங்கோ. கீ போட்ட யூசருக்கு எஸ்எஸ்எச்சில பாஸ்வேர்ட் எடுபடாது, டீஃபோல்ட்டே அப்பிடித்தான், பயப்பிடாதேங்கோ. ஆனா வின்பொக்ஸுக்கு அதே பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்யும், கனபேர் இதைக் கவனிக்கிறேல்ல, கீ போட்டாச்சு எண்டு 12345 ஐ அப்பிடியே விட்டால் பிரயோசனமில்லை.

சரிவந்தால் ஐபி, சேர்விஸஸில ரவுட்டருக்குள்ள போற மற்ற வழியளான ரெல்நெற், எஃப்டிபி, டபிள்யூடபிள்யூடபிள்யூ, ஏபிஐ எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ, ரெல்நெற்றில பாஸ்வேர்ட் மறைக்காமல் அப்பிடியேதான் போகும். ரெர்மினலில ஐபி எஸ்எஸ்எச்சுக்குள்ள ஸ்ட்ரோங் கிரிப்டோவை (பலமான குறியாக்கம்) யெஸ் ஆக்குங்கோ.

எஸ்எஸ்எச் பாவிக்கிற 22 ஆம் போட்டை இன்ரநெற்றுக்குத் திறந்து விடுறது எனக்குச் சரியாப் படேல்ல, நம்பரை மாத்தினாலும் ஸ்கான் பண்ணுறவன் கண்டுபிடிப்பான். ரவுட்டர் ஓஎஸ் வேர்ஷன் 7 எண்டால் வயர்கார்ட் எண்ட விபிஎன் (இன்ரநெற்றுக்குள்ளால போற மறைவான பாதை) உள்ளேயே இருக்கு, அதால உள்ளுக்குப் போய் அங்கயிருந்து எஸ்எஸ்எச் பண்ணுங்கோ, சேர்விஸஸில எஸ்எஸ்எச்சுக்கு அவைலபிள் ஃப்ரொம் எண்ட இடத்தில வயர்கார்ட் நெற்வேர்க்கையும் கடை லானையும் (கடைக்குள்ள இருக்கிற நெற்வேர்க்) மட்டும் போடுங்கோ. ஃபயர்வோலில கை வைக்கமுதல் சேஃப் மோடை அமத்துங்கோ, லைன் அறுந்தால் செய்ததெல்லாம் தானாப் பழையபடி வரும்.