இன்வெர்ட்டரை எந்தச் சுவரில் மாட்டக்கூடாது?

தரைவீட்டுக் கூரையில் சோலார் போடும்போது பேனல் எந்த நிறுவனம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். இன்வெர்ட்டர் எங்கே என்று வேலையாள் கேட்டால் மட்டும், “கார் போர்ச்சில் காலியாக இருக்கும் சுவரில் மாட்டிவிடுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பிற்பாடு வரும் பல தொல்லைகளுக்கு அந்த ஒரு வரிதான் காரணம். பேனல் தரும் நேர்மின்சாரத்தை (டி.சி.) வீட்டில் பயன்படும் மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். கூரையிலிருந்து வரும் மின்சாரம் மொத்தமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. எந்தச் சுவர், எந்த உயரம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் முதல் துளை போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

வெயிலில் இருந்து தொடங்கலாம். வெளிநாட்டு வீடியோக்களில் வடக்குச் சுவரில் வெயில் படாது, அங்கே மாட்டுங்கள் என்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கும் அவர்கள் ஊருக்கு அது சரி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில், ஏறத்தாழ 1.3 டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே வெளியே திறந்திருக்கும் எந்தச் சுவரும் ஆண்டு முழுவதும் தப்பிப்பதில்லை. மேற்குச் சுவர்தான் மிக மோசம். காற்றே 32, 33 டிகிரியில் இருக்கும் நேரத்தில் சாய்வெயிலும் நேராக வந்து அடிக்கும். திசையை நம்பாமல் கூரை நிழலை நம்புங்கள்.

இவ்வளவு கவலை எதற்கு? இன்வெர்ட்டர் வேலை செய்யும்போதே சூடாகும். சுற்றியுள்ள வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால், தன்னைக் காத்துக்கொள்ள அதுவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். பல மாடல்களில் இந்த அளவு 40, 45 டிகிரிப் பக்கம். நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில் மின்சாரம் குறைந்தால் பேனலுக்குக் கொடுத்த காசு வீண். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளும் சூட்டில் தேயும். பெட்டியில் ஐ.பி.65 என்று போட்டிருப்பது தூசிக்கும் தண்ணீருக்கும்தான், வெயிலுக்கு அல்ல.

பார்க்க நன்றாக இல்லை என்று மரக் கேபினெட் கட்டி மறைப்பது இங்கே நிறைய நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மேலும் கீழும் பக்கங்களிலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கையேட்டில் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். அது சூடான காற்று மேலே போகும் வழி. ஏர்கான் கம்ப்ரசரின் வெப்பக்காற்று வந்து மோதும் இடமும் ஆகாது. பெயிண்ட், தின்னர், கேஸ் சிலிண்டர் வைக்கும் மூலை அறவே கூடாது.

அடுத்து, சுவர். இன்வெர்ட்டரின் எடை மாடலைப் பொறுத்து பத்துக் கிலோவிலிருந்து முப்பது கிலோ வரை இருக்கலாம். அந்த எடையைப் போல் நான்கு மடங்கைச் சுவர் தாங்க வேண்டும் என்று சில கையேடுகள் கேட்கின்றன. கெட்டியான கான்கிரீட்டில், முறுக்கினால் துளைக்குள் விரிந்து இறுகும் எக்ஸ்பேன்ஷன் போல்ட் நன்றாகப் பிடிக்கும். அதே போல்ட்டை உள்ளே துளையுள்ள செங்கல்லில் முறுக்கினால் செங்கல் விரிசல் விட்டுவிடும். அங்கே சல்லடைக் குழாயோடு போடும் கெமிக்கல் ஆங்கர், அதாவது பசையால் இறுகும் போல்ட்தான் சரி. தட்டினால் வெற்றொலி கேட்கும் ஜிப்சம் தடுப்பு என்றால் வேறு சுவரைப் பாருங்கள். பிளாஸ்டிக் பிளக் படம் மாட்டுவதற்கு, இதற்கு அல்ல. கடலோரப் பக்கம் வீடு என்றால் சாதாரண போல்ட் துருப்பிடிக்கும், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள்.

இந்த ஊருக்கே உரிய இரண்டு சுவர்களும் உண்டு. ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் புகலிடத்தின் சுவர். அது கெட்டியாக இருக்கிறதே என்று கை வைக்காதீர்கள். அங்கே துளை போட குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பாருங்கள். இன்னொன்று, வரிசை வீடுகளில் அண்டை வீட்டோடு பகிரும் சுவர். இன்வெர்ட்டரின் ரீங்காரம் அந்தப் பக்கத்துப் படுக்கையறையில் கேட்கும். அதைப் பேசித் தீர்ப்பதைவிட வேறு சுவரைத் தேடுவது எளிது.

பெட்டியை நேராக நிமிர்த்தி மாட்டுங்கள். படுக்க வைப்பதும் தலைகீழாக வைப்பதும் தவறு. கேபிள்கள் கீழிருந்துதான் நுழைய வேண்டும், நுழையும் முன் சற்றுத் தொங்கி வளைந்து ஏற வேண்டும். அப்போதுதான் கேபிளில் வழியும் மழைநீர் உள்ளே போகாமல் சொட்டிவிடும். பயன்படுத்தாத துளைகளை மூடாமல் விட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். பல்லி ஒன்று போதும், சர்க்யூட் போர்டே போய்விடும். கார் கழுவும் குழாய், கறிவேப்பிலைத் தொட்டி இவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தால் எல்லாம் அணைந்தது என்று நினைப்பது. வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் டி.சி. கேபிளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், பல நூறு வோல்ட். டி.சி. மின்பொறி ஏ.சி. போல இடையிடையே சுழியத்துக்கு வராது, அதனால் எளிதில் அணையாது. மின்சாரம் ஓடும்போது கேபிள் இணைப்பானைப் பிடுங்கினால் நெருப்புதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களின் இணைப்பான்களைச் சேர்த்துச் செருகுவதும் அதே விபத்துக்கு வழி.

ஆகவே வயரிங் வேலை எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. தெரிந்தவர், மலிவு என்று யாரையும் விடாதீர்கள். ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்கள் இடி இடிக்கும் ஊர் இது. எர்த் இணைப்பையும் மின்னல் பாதுகாப்பையும் அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதலில் ஏ.சி. சுவிட்ச், அப்புறம் டி.சி. ஐசொலேட்டர் (பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று அணைக்கும் வரிசையை வீட்டில் எல்லாருக்கும் அவரைக் காட்டித்தரச் சொல்லி, தமிழிலும் எழுதி பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருப்பது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான்.