ரிக் கம்பெனிப் பங்கு வாங்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணக்கெழுதும் கடை வைத்திருக்கிறேன். வருமான வரி பாரம் நிரப்ப வருகிறவர்கள், வேலை முடிந்ததும் போனை நீட்டிப் பங்குச் சந்தையைப் பற்றிக் கேட்கிறார்கள். செம்பனை லாரி ஓட்டும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, எண்ணெய் விலை ஏறுதாம். ரிக் கம்பெனிப் பங்கு இருபது காசுதான் போகுது. கொஞ்சம் வாங்கிப் போடவா?"

வாங்கு, வாங்காதே என்று ஆலோசனை சொல்ல எனக்கு உரிமம் கிடையாது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தர முடியும். முடிவு உங்களுடையது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரிக் கம்பெனி எண்ணெய் விற்பதில்லை. எண்ணெய் எடுக்கக் கடலடியில் துளை போடும் ரிக் என்ற இயந்திரத்தையும் அதை ஓட்டும் ஆட்களையும் நாள் வாடகைக்கு விடுகிறது. தோட்டத்துக்கு டிராக்டர் வாடகைக்கு விடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பனை விலை ஏறினால் அவருடைய வாடகை மறுநாளே ஏறாது. விலை விழுந்து, தோட்டம் செலவைக் குறைத்தால் வண்டி சும்மா நிற்கும். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை மட்டும் நிற்காது. ரிக்கின் கதையும் அதுதான். வாடகை டாலரில் வருவதால் நம் வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு ஏறி இறங்குவதும் கணக்கில் தெரியும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் வெலெஸ்டோ எனர்ஜி. 2013 நவம்பரில் யூஎம்டபிள்யூ ஆயில் அண்ட் கேஸ் என்ற பெயரில் பங்கு ஒன்று 2.80 வெள்ளிக்குச் சந்தைக்கு வந்தது. 2014 நடுவில், உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. எண்ணெய் நிறுவனங்கள் துளை போடுவதைக் குறைத்தன, ரிக்குகள் வேலையில்லாமல் நின்றன, அவற்றை வாங்கிய கடன் அப்படியே இருந்தது. 2017-இல் பங்கு ஒன்று 30 சென்னுக்கு, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு முதலில் கொடுக்கும் உரிமைப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. பெயர் மாறியது அதற்கு அடுத்த ஆண்டு. 2.80-க்கு வாங்கியவர் கையில் இருந்தது மோசமான இயந்திரமில்லை, வேலை இல்லாத இயந்திரம். அதனால்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: எண்ணெய் விலையைப் பார்ப்பதற்கு முன், ரிக்குக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

அதை எங்கே பார்ப்பது? நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் கம்பெனி அறிவிப்புகள் எல்லாம் இலவசம். காலாண்டு அறிக்கையைத் திறந்தால் எல்லோரும் லாபம் எவ்வளவு என்பதைத்தான் தேடுவார்கள். நான் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போவேன். வருங்கால வாய்ப்பு பற்றி நிர்வாகம் எழுதும் பத்தி அங்கேதான் இருக்கும். ரிக்குகள் எத்தனை விழுக்காடு நாள் வேலை செய்தன என்ற பயன்பாட்டு விகிதத்தை நிர்வாகத்தின் விளக்கத்தில் தேடுங்கள். போன காலாண்டோடு மட்டும் ஒப்பிடாமல், போன வருடம் இதே காலாண்டோடும் ஒப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் திரங்கானு கடல் கொந்தளிக்கும். ஆண்டுக் கடைசியிலும் தொடக்கத்திலும் கடல் வேலைகள் மந்தமாவது வழக்கம். முதல் காலாண்டு இறங்கினால் அது மழையா, நிஜமாகவே வேலை போனதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

புதிய ஒப்பந்த அறிவிப்பு வந்தால் நிதானமாகப் படியுங்கள். உறுதியான காலம் எவ்வளவு, விரும்பினால் நீட்டிக்கலாம் என்ற காலம் எவ்வளவு? நீட்டிப்பு வாடிக்கையாளரின் விருப்பம், அதை வருமானமாக எண்ணாதீர்கள். பிறகு ஒரு வகுத்தல் போடுங்கள். 3 கோடியே 65 லட்சம் டாலர் ஒப்பந்தம், உறுதியான காலம் 365 நாள் என்று வைத்துக்கொண்டால், நாள் வாடகை சுமார் 1 லட்சம் டாலர். பழைய ஒப்பந்தத்துக்கும் இதே கணக்கைப் போட்டால், வாடகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேலை கொடுக்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் ஆண்டுதோறும் அடுத்த 3 ஆண்டுகளுக்கான நடவடிக்கைக் கண்ணோட்டம் வெளியிடுகிறது. எத்தனை ரிக் தேவைப்படலாம் என்று அதில் இருக்கும். அது வெறும் மதிப்பீடுதான், வாக்குறுதி இல்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வரும் "டிப்ஸ்" பத்தைப் படிப்பதைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

நம் கடலில் என்ன நடக்கிறது என்பது மட்டும் போதாது. 2024 ஜனவரியில், உற்பத்தித் திறனை நாளுக்கு 1 கோடியே 30 லட்சம் பீப்பாயாக உயர்த்தும் திட்டத்தைச் சவூதியின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ கைவிட்டது. அந்த ஆண்டிலேயே இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்-அப் ரிக்குகளின் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னது. கால் ஊன்றி நிற்கும் இந்த ரிக்குகளைக் கால் தூக்கி வேறு கடலுக்குக் கொண்டு போகலாம். வேலை தேடும் ரிக் அதிகமானால் வாடகைக்கு யார் பேரம் பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

விபத்தையும் மறக்காதீர்கள். 2021 மே மாதம் வெலெஸ்டோவின் நாகா 7 ரிக் சரவாக் கடலில் சாய்ந்து மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள், அதுதான் பெரிய ஆறுதல். ஆனால் 7 ஜாக்-அப் ரிக்கில் ஒன்று போனால், சம்பாதிக்கும் கைகளில் ஏழில் ஒன்று போகிறது. காப்பீட்டுப் பணம் வரும். அந்த ரிக் நாளைக்கு வேலைக்கு வராது.

சரி, வாங்கும் வழிக்கு வருவோம். பங்கு என்றால் நம் ஊருக்குப் புதிதில்லை. அப்போது அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத்து மக்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கூட்டுறவுப் பங்கின் விலை அன்றாடம் ஆடாது. புர்சாவில் நிமிடத்துக்கு நிமிடம் ஆடும். பழைய பழக்கத்தில், வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிட முடியாது.

18 வயது நிறைந்திருந்தால் உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டி வணிகக் கணக்கும், பங்கு சேரும் சிடிஎஸ் கணக்கும் திறக்கலாம். இப்போது போனிலேயே முடிந்துவிடும். முன்பணம் போட்டு, அந்தப் பணத்துக்கு மட்டும் வாங்கும் கணக்கைக் கேளுங்கள். பணம் கட்டாமல் வாங்கி, கட்டும் நாளுக்குள் விற்றுவிடும் கான்ட்ரா பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள். பணம் கட்ட வேண்டியது வாங்கிய 2-ஆம் வேலை நாள். அதற்குள் விலை இறங்கினால் நட்டத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். சம்பளத்தை நம்பி வாழ்கிற குடும்பத்தில் இது சண்டையில்தான் முடியும்.

சந்தை காலை 9 மணி முதல் 12.30 வரை, பிற்பகல் 2.30 முதல் 5 மணி வரை. குறைந்தது 100 பங்கு, அதுதான் ஒரு லாட். விலையை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர் போடுங்கள். 1 வெள்ளிக்குக் குறைந்த பங்கின் விலை அரை சென் அரை சென்னாக நகரும். 20 சென் பங்குக்கு அந்த ஒரு படியே இரண்டரை விழுக்காடு.

"இருபது காசுதானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1,000 பங்கு 20 சென்னுக்கு, 200 வெள்ளி. குறைந்தபட்சத் தரகு 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி ஆயிரத்துக்கு அல்லது அதன் பகுதிக்கு 1 வெள்ளி. தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, அதாவது 6 சென். மொத்தம் 9 வெள்ளி 6 சென். விற்கும்போதும் ஏறக்குறைய அவ்வளவே. பங்கு 22 சென்னுக்கு ஏறினால் ஏற்றம் 20 வெள்ளி. செலவு போகக் கையில் நிற்பது 2 வெள்ளிகூட இல்லை. விலை 10 விழுக்காடு ஏறியும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட மிஞ்சவில்லை. இதற்காகக் கடன் வாங்கிப் பெரிய தொகை போடாதீர்கள். சிறுகச் சேர்த்து, தொகை திரண்ட பிறகு குறைவான தடவை வாங்குங்கள்.

பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் எந்தக் குழுவும் தரகு நிறுவனம் இல்லை. சந்தேகம் வந்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பத்திர ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயர் அதில் இல்லாவிட்டாலும், உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேலை. காலாண்டு முடிந்த 2 மாதத்துக்குள் அறிக்கை வந்தாக வேண்டும். கணக்காண்டு டிசம்பரில் முடியும் கம்பெனி என்றால் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதக் கடைசியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அறிக்கை வந்த அன்று பயன்பாட்டு விகிதத்தை ஒரு நோட்டில் எழுதிப் பழையதோடு ஒப்பிடுங்கள். புரியாவிட்டால் அந்த நோட்டோடு கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.