சிவகங்கைத் தொகுதி வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகங்கை மக்களவைத் தொகுதியைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகின்றன. "சிவகங்கை மாவட்டமே சிவகங்கைத் தொகுதி" என்று தொடங்குவதுதான் அந்தச் சறுக்கல். தொகுதி 1967 தேர்தலிலேயே இருந்தது. மாவட்டமோ 1985 மார்ச்சில்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அப்போது அதற்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர். சிவகங்கை என்ற பெயர் 1997இல் வந்தது. தி.மு.க.வின் தா. கிருட்டிணன் 1967, 1971 தேர்தல்களில் வென்றபோது இப்படி ஒரு மாவட்டமே கிடையாது.

இன்றைய எல்லையும் மாவட்டத்தோடு ஒத்துப்போகாது. திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். முதல் இரண்டும் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதினால் தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். சேர்த்துக்கொண்டு முழுவதையும் "சிவகங்கைச் சீமை", "மருதிருவர் மண்" என்று எழுதினாலும் பிழைதான். ஆலங்குடி, திருமயம் இரண்டும் 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தாலுகாக்கள். மருது சகோதரர்கள் கும்பினியை (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியை) எதிர்த்துப் போரிட்ட காலத்தில் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் கும்பினி பக்கம் நின்றவர். அந்த வேறுபாட்டை அழித்து எழுதுவது இரண்டு ஊர் மக்களுக்கும் செய்யும் அநியாயம்.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. கீழடி மதுரைக்கு அருகில் இருப்பதால் மதுரைத் தொகுதி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது மானாமதுரை சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது, எனவே சிவகங்கை.

பெயர் ஒன்று, வரைபடம் மூன்று

எல்லாவற்றிலும் பெரிய தவறு 1967 முதல் இன்று வரை ஒரே நிலப்பரப்பு என்று எண்ணிக்கொள்வது. 1967, 1971 தேர்தல்கள் ஒரு வரைபடத்தில் நடந்தன. 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி வந்த 1976 தொகுதி மறுவரையறை ஆணை, 1977 முதல் 2004 வரை நீடித்தது. 2001 கணக்கின்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைந்து 2008இல் நடைமுறைக்கு வந்ததே இப்போதுள்ளது.

2004 வரை இருந்த ஆறு: திருமயம், திருப்பத்தூர், காரைக்குடி, சிவகங்கை, திருவாடானை, இளையான்குடி. 2008இல் திருவாடானை இராமநாதபுரத்துக்குப் போனது. இளையான்குடி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய், அந்த ஊர் மானாமதுரைக்குள் அடங்கியது. மானாமதுரை அதுவரை இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் இருந்தது. ஆலங்குடி வந்தது புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி கலைக்கப்பட்டதால். அந்தக் கலைப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு தொகுதிகள் நான்காகச் சிதறின: கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு, ஏற்கெனவே இங்கிருந்த திருமயத்தோடு ஆலங்குடியும் இங்கே. ஒரு மாவட்டத் தலைநகருக்குத் தன் பெயரில் மக்களவைத் தொகுதி இல்லாமல் போனது சிறிய இழப்பல்ல. தொகுதி வரலாற்றில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

இதைக் கவனிக்காதவர்கள்தான் 2004 வாக்கு வித்தியாசத்தையும் 2009இல் ப. சிதம்பரம் அ.தி.மு.க.வின் ராஜ கண்ணப்பனை வென்ற 3,354 வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "செல்வாக்கு சரிந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். செல்வாக்கு சரிந்திருக்கலாம். ஆனால் ஆறில் இரண்டு மாறிய பிறகு அந்தக் கழித்தல் கணக்கு எதையும் நிரூபிக்காது. ஒப்பிட்டே ஆகவேண்டுமானால் இரு ஆணைகளையும் எடுத்து, வருவாய் கிராமம் வாரியாகப் பொதுவான பகுதியைப் பிரித்து, அதற்கு மட்டும் வாக்குச்சாவடிக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். தொகுதி எண்ணை வைத்து இணைக்காதீர்கள்; 2008இல் வரிசை எண்களும் மாறின.

பெயரை மட்டும் வைத்து இணைப்பதும் ஆபத்து. இங்குள்ள திருப்பத்தூர் 185ஆவது தொகுதி. வடக்கே திருவண்ணாமலை மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் திருப்பத்தூர் 50ஆவது. அட்டவணைகளில் இரண்டின் வாக்குகளும் இடம் மாறிப்போவதுண்டு.

இன்னொன்று வட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தில் 6 வட்டங்கள். பிறகு திருப்புவனம், காளையார்கோவில், சிங்கம்புணரி சேர்ந்து 9 ஆயின. 2008 ஆணையில் இந்தப் பெயர்களில் வட்டங்களைத் தேடினால் கிடைக்காது. புது வட்டம் பிறந்தாலும், 2024இல் காரைக்குடி மாநகராட்சியானது போல நகரம் விரிந்தாலும், தொகுதி எல்லை நகராது.

வென்றவர் பட்டியல்

"1984 முதல் சிதம்பரத்தின் காங்கிரஸ் கோட்டை" என்ற வரி பல இடங்களில் இருக்கிறது. அவர் வென்றது ஏழு முறை: 1984, 1989, 1991இல் காங்கிரஸ், 1996, 1998இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2004, 2009இல் மீண்டும் காங்கிரஸ். 1999இல் த.மா.கா. வேட்பாளராக நின்று தோற்றார். வென்றவர் காங்கிரஸின் சுதர்சன நாச்சியப்பன். 2014இல் அ.தி.மு.க.வின் செந்தில்நாதன் வென்றார், கார்த்தி சிதம்பரம் நான்காம் இடம். 2019, 2024இல் கார்த்தி வென்றார். 1984க்கு முன்பு 1977இல் அ.தி.மு.க., 1980இல் இந்திரா காங்கிரஸ் வென்றதையும் விடக்கூடாது.

மானாமதுரை தனித்தொகுதி என்பதால் மக்களவைக்கும் அங்கே ஒதுக்கீடு உண்டு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிவகங்கை பொதுத்தொகுதி, மானாமதுரையின் ஒதுக்கீடு சட்டமன்றத்துக்கு மட்டும்.

சட்டமன்ற முடிவை வைத்து மக்களவை வாக்கைக் கணிப்பதும் வேண்டாம். 2019 ஏப்ரல் 18 அன்று மானாமதுரை வாக்காளர்கள் ஒரே சாவடியில் இரண்டு வாக்குகள் போட்டார்கள். இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வென்றது, மக்களவைத் தொகுதியைக் காங்கிரஸ் வென்றது. சாவடி வாரி வாக்கு விவரம் உள்ள தேர்தல் ஆணையப் படிவம் 20இல் இரண்டையும் சாவடி வாரியாக எடுத்து எதிரெதிரே வைத்தால் எந்த ஊரில் வாக்கு பிரிந்தது என்று தெரியும். ஆறு தொகுதிகளின் இயந்திர வாக்குகளைக் கூட்டும்போது மொத்தம் பொருந்தவில்லை என்று திகைக்க வேண்டாம். மக்களவைத் தேர்தலில் தபால் வாக்குகள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் தனியாக எண்ணப்படுகின்றன. அவற்றை எந்தச் சட்டமன்றத் தொகுதியின் கணக்கிலும் சேர்க்காமல் தனி வரியாகக் காட்டுங்கள்.