ஆள் தேடும் நிறுவனம் யாரைத் தொடாது? முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொது முகாமையாளர் தேடியபோது நான் செய்த பிழை ஒன்றுதான். ஆள் தேடித் தரும் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு முதல் தவணையைக் கட்டிய பிறகு கேள்வி கேட்டேன்.

கொழும்பு நிறுவனம் ஆறு வாரத்தில் நான்கு பெயர்களை அனுப்பியது. ஒருவர் ஆடைத் தொழிற்சாலை, ஒருவர் பல்பொருள் அங்காடி, மற்ற இருவர் வங்கி. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவர்களில் யாருக்காவது கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்து வாட்டம் போதுமா என்று சொல்லத் தெரியுமா?" என்றார். டிக்கோயாப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த உதவிப் பொது முகாமையாளர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஏன் இல்லை என்று தொலைபேசியில் கேட்டேன். சற்று மௌனம். பிறகு, "அந்தக் கம்பனி எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய ஆட்களை நாங்கள் அணுக முடியாது."

உயர்பதவிக்கு ஆள் தேடும் நிறுவனங்கள், தம்மிடம் வேலை தந்த கம்பனியின் ஆட்களை இன்னொருவருக்குப் பிடித்துக் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கும். வழக்கமாக ஓராண்டு அல்லது இரண்டாண்டு. நான் இதைத் 'தொடாப் பட்டியல்' என்கிறேன். வாக்கு நியாயமானதுதான். சிக்கல் என்னவென்றால், தோட்டத்துறையில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனத்துக்குத்தான் அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். நாமோ அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் அவர்களிடம் போகிறோம்.

படி 1. நீங்கள் தேடும் ஆள் இன்று எங்கே வேலை செய்யக்கூடும் என்று பன்னிரண்டு கம்பனிகளை எழுதுங்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். ஆட்சேர்ப்பு மென்பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்; வருடத்தில் ஒரு ஆளுக்கு அது வீண்.

படி 2. நான் சறுக்கிய இடம் இது. "உங்கள் தொடாப் பட்டியலைத் தாருங்கள்" என்று கேட்டால் தரமாட்டார்கள். வாடிக்கையாளர் இரகசியம் என்பார்கள். ஆகவே உங்கள் பன்னிரண்டு பெயர்களை மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அணுகலாம்', 'அணுக முடியாது' என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். நான் பிந்திக் கேட்டபோது பன்னிரண்டில் ஏழு அடைபட்டிருந்தன. 1992இல் அரச தோட்டங்கள் கைமாறியபோது உருவான பெருந்தோட்டக் கம்பனிகளே இருபத்துச் சொச்சம்தான். இவ்வளவு சிறிய குளத்தில் ஏழு போனால் மிஞ்சுவது சேறு. மூன்றுக்கு மேல் அடைபட்டால் நான் இப்போது வேறு நிறுவனம் பார்ப்பேன். வாடிக்கையாளர் குறைந்த சிறிய நிறுவனம் என்றால் இன்னும் நல்லது.

படி 3. தடை கம்பனிக்கா, முழுக் குழுமத்துக்கா என்று கேளுங்கள். ஹேலீஸ் குழுமத்தின் கீழ் மட்டும் தலவாக்கலை, களனி வெளி, ஹொரணை என்று மூன்று பெருந்தோட்டக் கம்பனிகள். குழுமம் முழுவதும் தடை என்றால் ஒரே கையெழுத்தில் மூன்று கதவுகள் மூடிக்கொள்ளும்.

படி 4. கட்டணம். பொதுவாக முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று தவணை. முதல் தவணை திரும்பாது. படி 2இன் பதில் வரும்வரை காசோலை மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.

படி 5. தடை அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. அடைபட்ட ஏழு கம்பனிகளில் இருப்பவர்களிடம் நீங்களே பேசலாம், பத்திரிகையில் விளம்பரமும் போடலாம். ஆனால் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்: ஆள் எந்த வழியில் வந்தாலும் கட்டணம் உண்டு என்ற வாசகம் அநேகமாக அதில் இருக்கும். 'அணுக முடியாது' என்று அவர்களே குறித்த கம்பனிகளுக்கு விலக்கு எழுதி வாங்குங்கள். எனக்கு இது கிடைக்கவில்லை. டிக்கோயாக்காரர் எங்களிடம் வந்தார், கட்டணமும் முழுதாகப் போனது.

பின்சேர்க்கை 1. "நாங்களும் பக்கத்துத் தோட்டமும் ஒருவர் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறோமே, அதுவும் இதுதானா?" என்று ஹட்டன் வாசகர் கேட்டிருந்தார். இல்லை. அது தொழில்தருநர் இருவர் தமக்குள் செய்துகொள்வது. அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகியவை அப்படிப் பேசிவைத்ததற்காக 2010இல் நீதித் திணைக்களம் வழக்குப் போட்டது. ஊழியர்கள் தொடுத்த வழக்கு 2015இல் 41.5 கோடி டொலர் இழப்பீட்டில் முடிந்தது. உங்கள் பேச்சையும் ஒரு சட்டத்தரணியின் காதில் போட்டுவையுங்கள்.

பின்சேர்க்கை 2. தடையுள்ள கம்பனியின் ஆள் தானாகவே விளம்பரத்துக்கு விண்ணப்பித்தால்? பண்டாரவளையிலிருந்து வந்த கேள்வி. சில நிறுவனங்கள் ஏற்கும், சில தம் வாடிக்கையாளரான அவருடைய கம்பனியிடம் சொல்லிவிட்டு வரும்படி அந்த ஆளையே அனுப்பும். இரண்டாவது நடந்தால் அவருடைய இப்போதைய வேலைக்கே ஆபத்து. படி 2 மின்னஞ்சலின் கடைசி வரியாக இதையும் கேட்டுவிடுங்கள்.