முதன்முதலாகப் பாட்டுக் கச்சேரிக்கு வயலின் வாசிக்கப் போகிறவருக்கு

ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க உங்களை முதன்முதலாக அழைத்திருக்கிறார்களா? என்னென்ன பாட்டு என்று கேட்பதற்கு முன்னால் எந்தச் சுருதி என்று கேளுங்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் குரலுக்கும் ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கும் ஒரே தந்திகளை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. ஒன்றில் தந்தி தொய்ந்து நாதம் அடங்கிப்போகும். இன்னொன்றில் விண்ணென்று இறுகி அறுந்துவிடும். இதற்காகவே நான் இரண்டு வயலின்கள் வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒன்றுதான் என்றால், இரண்டு நாள் முன்பே பொருத்தமான தந்தி போட்டு அந்தச் சுருதிக்குக் கூட்டி வையுங்கள். புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். கச்சேரியன்று மாட்டினால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே பிருடையைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெட்டியில் உபரித் தந்தி, வில்லுக்குப் பூசும் ரோசின், சிறு புட்டியில் தேங்காய் எண்ணெய். விரல் நுனிக்கு ஒரு பொட்டு எண்ணெய் போதும். வில் ஓடும் இடத்தில் அது பட்டுவிட்டால் வில் வழுக்கும், பிடிப்பு போய்விடும்.

தாளமும் சொல்லும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பாடகர் போகும் வழியிலேயே, பாதி ஒலியில், நிழல்போலப் பின்தொடருங்கள். அவர் மூச்சு வாங்கும்போது அவர் நின்ற ஸ்வரத்தை வில்லில் தாங்கி நிறுத்துங்கள். அவர் இன்னும் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, தொடவில்லை என்றால் நீங்களும் தொடாதீர்கள். அது அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு போகும் இடம்.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ‘க’ ஸ்வரமான காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரே விரல் ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி, மத்தியமத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறது. அந்த அசைவைச் சிலர் அகலமாக, நிதானமாகப் பாடுவார்கள். சிலர் சுருக்கிப் பாடுவார்கள். உங்கள் குருநாதர் சொல்லித்தந்தது எதுவாயினும், அன்றைக்குப் பாடுகிறவரின் அசைவுக்கு உங்கள் விரலைக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு விதமான காந்தாரம் ஒரே நேரத்தில் கேட்டால் ரசிகருக்கு எங்கோ உறுத்தும். காரணம் சொல்லத் தெரியாது, நிமிர்ந்து உட்கார்ந்தவர் சாய்ந்துகொள்வார்.

பாடகர் ஆலாபனையை முடித்து உங்கள் முறை வரும்போது எவ்வளவு நேரம் வாசிக்கலாம்? இருபத்திரண்டு வயதில் எனக்கு இது தெரியவில்லை. ஒரு கல்யாணி ராக ஆலாபனை. பாடியவர் பத்து நிமிடம் பாடினார். நான் பன்னிரண்டு நிமிடம் வாசித்தேன். பலத்த கைதட்டல். ஆனால் அதற்குள் அவர் குரலில் இருந்த சூடு ஆறிவிட்டது. கிருதியில் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்கு ஏறியபோது குரல் பிசிறியது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறு என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து, அவர்கள் பாடியதில் பாதிக்கு மேல் நான் போவதில்லை.

கிருதிகளுக்கு ஸ்வரக் குறிப்பு மட்டும் போதாது, சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், மனப்பாடமாக வேண்டும். சொல் முறியும் இடம் தெரியாவிட்டால் வில்லைத் தவறான இடத்தில் திருப்புவீர்கள். வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனின் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: சொல் எங்கே நீள்கிறது, எங்கே அழுந்துகிறது என்பது வில்லிலேயே கேட்கும். அதை எட்ட வருடங்கள் ஆகும். நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

பாட்டின் நடுவே ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் கண் பாடகரின் தாளம் போடும் கையில் இருக்கட்டும். அவர் முடித்த ஸ்வரத்தைக் காதில் வைத்துக்கொண்டு, அதே அளவில் பதில் சொல்லி, தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேருங்கள். கணக்கு பிடிபடவில்லையா? நேராக எளிமையாக வாசித்து எடுப்பைப் பிடியுங்கள், போதும். ராகம் தானம் பல்லவி என்ற விரிவான உருப்படி உண்டு என்றால் தாளமும் எடுப்பும் என்ன என்று முன்பே கேட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

மேல் ஸ்தாயியில் பாடகரின் குரல் தடுமாறும் தருணம் வரும். அப்போது அந்த ஸ்வரத்தை மெல்லப் பிடித்துக்கொடுங்கள். உங்களுக்கு அது எவ்வளவு சுலபம் என்று காட்டும் இடம் அதுவல்ல.

ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். வயலின் வித்வான் மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினை அமைத்துக்கொண்டது பெரிய கூட்டத்திலும் வயலின் நன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்காக. இன்று மைக் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே நடுக் கச்சேரியில் ஒலிக்காரரைப் பார்த்து உங்கள் மைக்கைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள்; நீங்கள் கூட்டினால் மிருதங்கம் கூட்டும், கடைசியில் பாட்டுதான் அமுங்கும்.

மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வயலினை மடியில் வைத்துவிட்டுத் தாளம் போடுங்கள், மிருதங்கக்காரருக்குத் தெரியும்படி. தண்ணீர் குடிக்கலாம். சுருதி சேர்க்கவேண்டுமானால் கட்டை விரலால் தட்டி, உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி. முடிவுக் கணக்கான கோர்வையை அவர் முடிப்பதற்குள் வில் கைக்கு வந்திருக்கவேண்டும்.

மங்களம் பாடும்போது கூட்டம் எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் கடைசி அடி வரை வாசியுங்கள். பிறகு வில்லின் முறுக்கைத் தளர்த்தி, தந்தியில் படிந்த ரோசின் பொடியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, வயலினைப் பெட்டியில் வையுங்கள்.