சிறுவாணிச் சாலையில் எங்கள் இருவர் மிதிவண்டி

எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. ஒரே வண்டியில் நான் முன்னும் அவர் பின்னும் அமர்ந்து மிதிப்போம். ஞாயிறு காலைகளில் கோவையை அடுத்த பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாக மிதிவண்டிக் குழுவோடு செல்லும்போது, இருவர் மிதிக்க ஒருவரே காற்றை எதிர்கொள்வதால் சமதரையில் முந்திச் செல்லும் எங்கள் வண்டி, ஏற்றம் வந்தவுடன் பின்தங்கிவிடும், முழங்கால்களும் வலிக்கும். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்களே இருந்தன. அதை 36 பற்களாக்கி, அதற்கேற்ற கியர் மாற்றியையும் நீளமான சங்கிலியையும் பொருத்தியபின், மிதிக்கும் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

என்னை அதிகம் வருத்தியது மனைவியின் முதுகுவலிதான். பின்னால் அமர்பவருக்குச் சாலை தெரியாது. வேகத்தடையின் அதிர்ச்சி முழுவதும் அவர் இடுப்பில் இறங்கும். "ஏனுங்க, பள்ளம் வந்தா முன்னாலயே சொல்லிப்போடுங்க" என்று அவர் பலமுறை கேட்டும், குழுவின் வேகத்தில் நான் மறந்தேன். அது என் தவறு. இப்போது நான் "தடை" என்றதும் இருவரும் மிதிப்பதை நிறுத்தி, மிதிகளைத் தரைக்கு இணையாக வைத்து, இருக்கையிலிருந்து சற்றே எழுகிறோம்.

குழுவிலும், ஏற்றத்தில் கடைசியாக வருகிறோம்; கனமான வண்டி இறக்கத்தில் விரைந்து பாயுமென்பதால் முன்செல்பவரிடமிருந்து நல்ல இடைவெளி விடுகிறோம். சென்ற வாரம் ஆலாந்துறை வரை அவருக்கு முதுகு வலிக்கவில்லை.